குவில்டிங் சங்கத்தில் சேரப் போகிறீர்களா? முதல் கூட்டத்திலிருந்து முதல் கண்காட்சி வரை

ஒரு பெரிய குவில்டின், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையின், மூன்று அடுக்கையும் தனியாளாகத் தரையில் விரித்துச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். கீழே அடித்துணி, நடுவில் பஞ்சு, மேலே மாதக்கணக்கில் துண்டு துண்டாகத் தைத்துச் சேர்த்த மேல்துணி. இந்தப் பக்கம் சுருக்கத்தை நீவினால் அந்தப் பக்கம் கிளம்பும். முட்டி போட்டு ஒரு மணி நேரம் மூன்று அடுக்கும் நகராதபடி பின் (ஊக்கு) குத்தி, எழுந்து திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மடிப்பு உட்கார்ந்திருக்கும். எனக்கு மூன்று முறை இப்படி ஆனது. நான்காவது குவில்டைச் சங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே நான்கு மேசைகளை இழுத்து ஒட்டிப் போட்டார்கள். மூலைக்கு ஒருவராக நின்று அடித்துணியைப் பிடித்து, மேசை விளிம்பில் டேப் ஒட்டினோம். "விறைப்பா இழுக்காதீங்க, சுருக்கம் போனா போதும்" என்றார் எதிர்மூலையில் நின்ற அம்மா. என் மூன்று மடிப்புகளுக்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது. இழுத்துக் கட்டிய துணி, பின் குத்தியதும் பழைய அளவுக்குச் சுருங்கிக்கொள்ளும். அதுதான் மடிப்பாக வருகிறது. ஒரே வரிதான். ஆனால் அதைச் சொல்ல எதிர்மூலையில் ஓர் ஆள் நிற்க வேண்டியிருந்தது.

அதனால்தான் இந்த வழிகாட்டி. தையலில் கை தேர்ந்த பிறகு சேரலாம் என்று தள்ளிப் போடுகிறவர்கள் நிறைய. அப்படித் தள்ள வேண்டாம். மேல்துணிக்கான பிளாக் (துண்டுகள் சேர்த்துத் தைத்த ஒரு சதுரம்) ஒன்றுகூட முடிக்காதவராக இருந்தாலும் போகலாம்.

சங்கம் என்றால் என்ன

இந்தச் சங்கங்களை ஆங்கிலத்தில் 'கில்டு' என்பார்கள். அந்தச் சொல் பழைய ஐரோப்பியக் கைவினைஞர் அமைப்புகளிலிருந்து வந்தது. அங்கே தேர்வும் தகுதியும் உண்டு. இன்றைய குவில்டிங் கில்டு பொதுவாக அப்படிக் கிடையாது. சந்தா கட்டி, மாதம் ஒருமுறை கூடி, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து, துணியும் கருவியும் புத்தகமும் பகிர்ந்துகொள்ளும் சங்கம், அவ்வளவுதான். சில சங்கங்களுக்குள் 'பீ' என்று சொல்லும் சின்னக் குழுக்கள் இருக்கும். எட்டுப் பத்துப் பேர் யாராவது ஒருவர் வீட்டில் கூடித் தைப்பார்கள். பல கைகள் ஒரே சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து குவில்ட் தைத்த பழைய வழக்கத்தின் பெயர் அது. 1966-இல் அமெரிக்காவின் அலபாமாவில் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய தையல் கூட்டுறவு அமைப்புக்கும் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்றே பெயர் வைத்தார்கள்.

1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குவில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. இந்தக் கலையின் மறுமலர்ச்சியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனின் 'குவில்டர்ஸ் கில்டு' 1979-இல் தொடங்கியது. 1718 என்று ஆண்டு பொறித்த பட்டு ஒட்டுவேலை விரிப்பு ஒன்று அவர்கள் சேகரிப்பில் இருக்கிறது. 'மாடர்ன் குவில்ட் கில்டு' 2009-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தது. இணையத்தில் பழகியவர்கள் நேரில் கூட ஆரம்பித்ததுதான் அது.

முதல் படி: எந்த மாதிரிச் சங்கம்?

துணிக்கடை, தையல் மெஷின் கடை, நூலகம், சமூகக் கூடம் ஆகிய இடங்களின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். கண்காட்சி நடந்தால் போய், வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். தேசிய அளவிலான கில்டுகள் தங்கள் கிளைகளின் பட்டியலை வைத்திருக்கும்.

ஒன்றுக்கு மேல் கிடைத்தால் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, கூடும் நேரம். பகலில் கூடும் சங்கமும் இரவில் கூடும் சங்கமும் வேறு வேறு உலகம். வேலைக்குப் போகிறவருக்குப் பகல் சங்கம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் பயனில்லை. இரண்டாவது, ரசனை. லாக் கேபின், நைன் பேட்ச் போன்ற மரபு வடிவங்களா, வெற்றிடம் நிறைய விட்ட நவீன பாணியா, கலைக் குவில்டா, கைத்தையலா என்று பாருங்கள். மூன்றாவது, அளவு. நூறு பேர் இருக்கும் சங்கத்துக்கு நல்ல நூலகமும் வெளியூர் ஆசிரியர்களும் இருப்பார்கள். பதினைந்து பேர் இருக்கும் சங்கத்தில் இரண்டாம் மாதமே உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் இருப்பவருக்குச் சின்னச் சங்கமே நல்லது என்பது என் கருத்து. பெரிய சங்கத்தில்தான் இடம் கிடைத்தது என்றால் அதற்குள் ஒரு பீ தேடிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: விருந்தினராக ஒருமுறை

பெரும்பாலான சங்கங்கள் ஓரிரு முறை விருந்தினராக வர அனுமதிக்கும். முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். வாசலில் உங்களை வரவேற்கவே ஒருவர் நிற்கக்கூடும். நீங்கள் வருவது தெரிந்தால் உங்களை யார் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று யோசித்து வைத்திருப்பார்.

கூட்டம் அநேகமாக இப்படிப் போகும். முதலில் கணக்கு, அறிவிப்புகள். அப்புறம் ஒரு பேச்சாளர், அல்லது செய்முறை விளக்கம். நடுவே ஓர் இடைவேளை. கடைசியில் 'ஷோ அண்ட் டெல்', அதாவது முடித்ததைக் கொண்டுவந்து காட்டுவது. இதற்காகவே பலர் வருகிறார்கள்.

அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இரண்டு பேர் குவில்டின் மேல் மூலைகளைப் பிடித்துக் கையை உயர்த்துவார்கள். தைத்தவர் பக்கத்தில் நின்று பேசுவார். பிடித்திருப்பவர்களின் விரல் நுனியும் காலணியும் மட்டும்தான் தெரியும். நடுவில் முழுக்கத் துணி. ஒரு கணம் அறை அமைதியாகும். பிறகு பின்வரிசையிலிருந்து யாராவது "பின்பக்கம்!" என்பார். பிடித்தவர்கள் அப்படியே சுற்றித் திருப்புவார்கள். மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் குவில்டிங் தையலின் ஓட்டம் பின்பக்கத்தில்தான் துல்லியமாகத் தெரியும். தைக்கத் தெரிந்தவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் முறை வரும்போது நான்கு விஷயம் சொன்னால் போதும்: வடிவத்தின் பெயர், அதை உருவாக்கியவர், மேல்துணி மட்டும் நீங்கள் தைத்தீர்களா அல்லது குவில்டிங்கும் நீங்களேதானா, யாருக்காக. இங்கே தப்பு, அங்கே கோணல் என்று நீங்களாகப் பட்டியல் போடாதீர்கள். ஆறடி தூரத்தில் யாருக்கும் அது தெரியாது. நீங்கள் சொன்ன பிறகு எல்லோரும் அதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

அடுத்தவர் குவில்டைக் கேட்காமல் தொடக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை துணியில் ஏறும். கேட்டால் அநேகமாக மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள்.

மூன்றாம் படி: சேரும்போது

சந்தா எந்த மாதத்திலிருந்து கணக்கு, பாதி ஆண்டில் சேர்ந்தால் பாதித் தொகையா, பயிற்சி வகுப்புக்குத் தனிக் கட்டணமா, உங்கள் தொலைபேசி எண்ணும் படமும் எங்கெல்லாம் போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விதிமுறைத் தாள் இருந்தால் வாங்கிப் படியுங்கள். உறுப்பினர்கள் ஆண்டுக்கு இத்தனை பிளாக் தர வேண்டும், கண்காட்சியில் இத்தனை மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்று சில சங்கங்கள் அதில் எழுதியிருக்கும்.

நான்காம் படி: தையல் நாளுக்குத் தயாராவது

கூட்டம் வேறு, தையல் நாள் வேறு. தையல் நாளில் எல்லோரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நாள் முழுக்கத் தைப்பார்கள். முதல்முறை போகிறவர்கள் மறப்பது பெரும்பாலும் ஒரே பொருளை: மெஷினின் கால் பெடலை. அதையும் மின்கம்பியையும் மெஷின் பைக்குள் முதலில் வைத்துவிட்டுப் பிறகு மற்றதை எடுங்கள்.

மற்றவை: கால் அங்குல ஃபுட் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்), சுற்றி நிரப்பிய நான்கு பாபின், 80/12 எண் ஊசி புதிதாக ஒரு பாக்கெட், 45 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி), வெட்டும் பாய், அளவுகோல், சின்னக் கத்தரிக்கோல், தையல் பிரிக்கும் சீம் ரிப்பர், எக்ஸ்டென்ஷன் கார்டு. எல்லாவற்றிலும் பெயர் ஒட்டுங்கள். ஒரே மேசையில் ஆறு கண்ணாடி அளவுகோல் கிடந்தால் எது யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ரோட்டரி கட்டரின் பிளேடை ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் மூடுங்கள், அடுத்த வெட்டு உடனே இருந்தாலும் சரி. நெருக்கமான மேசையில் அது அடுத்தவர் கைக்கும் ஆபத்து.

இஸ்திரிப் பெட்டியை நீங்களாகக் கொண்டுபோகாதீர்கள், முதலில் கேளுங்கள். வீட்டுத் தையல் மெஷின் ஒன்று பொதுவாக நூறு வாட் அளவுதான் இழுக்கும். இஸ்திரிப் பெட்டி ஒன்றே ஆயிரத்துக்கு மேல் இழுக்கும். ஒரே லைனில் இரண்டு இஸ்திரியும் பத்து மெஷினும் ஓடினால் ஃபியூஸ் போய், எல்லோர் வேலையும் பாதியில் நிற்கும். அதனால்தான் இஸ்திரிக்கென்று அறையின் மறுகோடியில் தனி பிளக் ஒதுக்கியிருப்பார்கள்.

ஐந்தாம் படி: பிளாக் பரிமாற்றம், கால் அங்குலம்

எதிலும் அவசரம் வேண்டாம், இதில் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். பிளாக் பரிமாற்றம் என்பது, பன்னிரண்டு பேர் ஆளுக்குப் பன்னிரண்டு பிளாக் ஒரே மாதிரி தைத்து, ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொள்வது. ஒவ்வொருவர் கையிலும் பன்னிரண்டு பேரின் கைவேலை வந்து சேரும். அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்றால் அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

நான் முதல்முறை கொடுத்த பிளாக்குகள் பன்னிரண்டரை அங்குலத்துக்குப் பதில் பன்னிரண்டுக்கும் கொஞ்சம் குறைவாக இருந்தன. நான் கவனிக்கவே இல்லை. பிரித்துக் கொடுத்தவர் அளவுகோலை வைத்துப் பார்த்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன்.

குவில்டிங்கில் தையல் ஓரம் கால் அங்குலம். உங்கள் தையல் அதைவிடப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக உள்ளே போகிறது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் ஒரு தையலில் இரண்டு துணி சேர்வதால், ஒவ்வொரு தையலிலும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் குறையும். ஒரு பிளாக்கின் குறுக்கே ஆறு துண்டு இருந்தால் ஐந்து தையல். மொத்தம் எட்டில் ஐந்து பங்கு, அதாவது அரை அங்குலத்துக்கும் மேலே போய்விடும்.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டுங்கள். பக்கவாட்டில் மூன்றையும் சேர்த்துத் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். மொத்த அகலம் மூன்றரை. நடுப்பட்டை ஒல்லியாக இருந்தால் நீங்கள் உள்ளே போகிறீர்கள். துணி மடங்கித் திரும்பும் இடத்திலும் ஒரு நூலளவு போகும். அதற்காகத் தையலைக் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகவே வைக்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டின் மேல் ஒரு டேப் ஒட்டி அடையாளம் செய்யுங்கள். ஊசியை மாற்றினாலும், வேறு மெஷினில் உட்கார்ந்தாலும் மறுபடி மூன்று பட்டை.

அந்தப் பன்னிரண்டு பிளாக்கையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன். இரண்டு வாரம் ஆனது. என் தையலைத் திருத்தியது அந்த இரண்டு வாரம்தான்.

பரிமாற்றத்தில் இன்னும் சில ஒழுங்குகள்: சுத்தமான பருத்தித் துணி மட்டும். துவைத்த துணியா, துவைக்காததா என்று நடத்துபவர் சொன்னதைக் கேளுங்கள். இரண்டும் கலந்தால் முதல் சலவையில் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. செண்ட், புகை வாசனை ஏறிய துணி வேண்டாம், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தேதி தவறக் கூடாது. முடியாது என்று தெரிந்த நாளே சொல்லிவிடுங்கள்.

'ரவுண்ட் ராபின்' இன்னும் நுட்பமானது. உங்கள் நடு பிளாக் ஒரு பெட்டியில் சுற்றுக்குப் போகும். ஒவ்வொருவரும் ஒரு கரையைச் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். பெட்டிக்குள் ஒரு நோட்டு வைத்து, உங்களுக்கு எது பிடிக்கும், எது கூடவே கூடாது என்று எழுதுங்கள். அனுப்பிய பிறகு மனம் விட்டுக் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் நினைத்தே பார்க்காத நிறம் உங்கள் பிளாக்கைச் சுற்றி வந்து நிற்கும். முதலில் திகைப்பாக இருக்கும். பிறகு அந்த நிறம் ஏன் அங்கே வேண்டும் என்று கண் புரிந்துகொள்ளும். முதல் ஆண்டில் ரவுண்ட் ராபினில் சேர வேண்டாம் என்பேன்.

ஆறாம் படி: தானக் குவில்ட்

புதியவர் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது. பல சங்கங்கள் மருத்துவமனைக்கும் காப்பகத்துக்கும் குவில்ட் தருகின்றன. அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிய 'புராஜெக்ட் லைனஸ்' நோயுற்ற, துயரத்தில் இருக்கும் குழந்தைகளுக்குப் போர்வை சேர்க்கிறது. 2003-இல் தொடங்கிய 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்' படைவீரர்களுக்கு. சேர்ந்து தைத்த குவில்டின் வலுவுக்கு, எய்ட்ஸில் இறந்தவர்களின் நினைவாகத் தைத்த எய்ட்ஸ் நினைவுக் குவில்டைத்தான் முதலில் சொல்வேன். ஒவ்வொரு பேனலும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு சவக்குழியின் அளவு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் அதை முதன்முதலாக விரித்தபோது 1,920 பேனல்கள் இருந்தன. அவற்றைத் தைத்தவர்களில் பலருக்குத் தையலே தெரியாது.

சங்கத்தில் இது நடக்கும் விதம் எளிது. ஒருவர் துணி வெட்டிக் கிட் போட்டுத் தருவார். இன்னொருவர் மேல்துணி தைப்பார். பெரிய மெஷின் வைத்திருப்பவர் குவில்டிங் செய்வார். கடைசியில் ஒருவர் ஓரப்பட்டி தைப்பார். நீங்கள் ஒரு கிட் எடுத்துப் போகலாம். அடுத்த மாதம் ஓரப்பட்டி கேட்டு வாங்குங்கள்; பத்து ஓரப்பட்டி தைத்தால் மூலை மடிப்பது கைக்கு வந்துவிடும், சொந்தக் குவில்ட்களில் அதற்குப் பல ஆண்டு ஆகும்.

வாங்கும் இடத்தின் தேவையை முதலில் கேட்க வேண்டும்: அளவு, மெஷின் சலவைக்குத் தாங்குமா என்பது. குழந்தைகளுக்குப் பொத்தான், மணி, ரிப்பன் எதுவும் வைக்க வேண்டாம். கொடுக்கும் முன் கையால் முழுக்கத் தடவிப் பாருங்கள், அப்புறம் ஒரு காந்தத்தையும் ஓட்டுங்கள். பஞ்சுக்குள் ஒரு பின் மறைந்திருந்தாலும் விடக் கூடாது.

ஏழாம் படி: கருத்துக் கேட்பது, கருத்துச் சொல்வது

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "அழகா இருக்கு" என்றுதான் பதில் வரும். "இந்த முக்கோணங்களின் நுனி ஏன் வெட்டுப்படுகிறது?" என்று கேளுங்கள். நான்கு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார்கள். நீங்கள் சொல்லும்போது, கேட்காதவருக்குத் திருத்தம் சொல்லாதீர்கள். புள்ளி சேரவில்லை என்பது தைத்தவருக்கு உங்களுக்கு முன்பே தெரியும்.

ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பேட்டர்னை நகல் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். வகுப்பில் ஆசிரியர் தந்த தாளையும் அப்படியே. அந்த விற்பனையில்தான் வடிவமைத்தவர் வாழ்கிறார்.

எட்டாம் படி: ஒரு வேலையைக் கையில் எடுங்கள்

மூன்றாவது கூட்டத்துக்குள் ஏதாவது ஒரு சின்ன வேலை கேட்டு வாங்குங்கள். நாற்காலி போடுவது, நூலகப் புத்தகம் பதிவது, ஷோ அண்ட் டெல்லில் மூலை பிடிப்பது, எது வேண்டுமானாலும். கூச்சமுள்ளவர்களுக்கு இது மிகவும் உதவும். யாரோடும் என்ன பேசுவது என்று தவிக்க வேண்டாம். பேச ஒரு காரியம் கையில் இருக்கும். நான் ஓராண்டு மூலை பிடித்தேன். நூறு குவில்டுக்கு மேல் ஓரடி தூரத்தில் பார்த்திருப்பேன். எந்த வகுப்பிலும் அது கிடைத்திருக்காது. பொருளாளர், தலைவர் பொறுப்புகளை முதல் ஆண்டில் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் கண்காட்சி

விண்ணப்பத்தில் அகலம், நீளம், வடிவமைத்தவர் பெயர், குவில்டிங் செய்தவர் பெயர் கேட்பார்கள். மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் கம்பில் நேராகத் தொங்கும். பின்பக்கம் மேல் ஓரத்தில் நான்கு அங்குலக் குழாய்போல ஒரு துணி உறை தைக்க வேண்டும். கம்பு அதற்குள் போகும். கீழ்மூலையில் உங்கள் பெயரும் ஆண்டும் எழுதிய லேபிள். தொங்கும் நூல்முனைகளை வெட்டி, ஒட்டும் ரோலரை இருபுறமும் உருட்டி, தலையணை உறைக்குள் போட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும்.

மதிப்பீட்டுக்குக் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். கொடுத்தால் ஒரு தாளில் குறிப்பு வரும்: ஓரப்பட்டி முழுதாக நிரம்பவில்லை, குவில்டிங் அடர்த்தி ஓரிடத்தில் குறைவு என்பதுபோல. படித்து ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு மறுபடி படியுங்கள். இரண்டாவது வாசிப்பில்தான் அது பயன்படும். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பார்வையாளர்களுக்குப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டும் வேலைக்குப் பெயர் கொடுங்கள். உங்கள் குவில்டின் முன் முன்பின் தெரியாத ஒருவர் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பதைத் தள்ளி நின்று பார்க்கலாம்.

அருகில் சங்கமே இல்லை என்றால்

நான்கு பேர் போதும். ஒருவருக்காவது மெஷின் நன்றாகத் தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு ஆர்வம் இருந்தால் சரி. மாதத்தில் ஒரே கிழமையை, ஒரே நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் எல்லோருக்கும் வசதியான நாள் தேடினால் மூன்றாவது மாதம் நின்றுவிடும். சந்தா, பெயர், விதிமுறை எல்லாம் அப்புறம். முதல் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று பட்டை வெட்டித் தைத்து அளந்து பாருங்கள். அளவு எல்லோருக்கும் ஒன்றானதும், ஒரு சின்னக் குழந்தைக் குவில்டை நால்வரும் சேர்ந்து தொடங்குங்கள். முப்பத்தாறு அங்குலச் சதுரம், நான்கு அங்குலத் துண்டுகள் எண்பத்தொன்று, தையல் ஓரம் சேர்த்து நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். ஆளுக்கு இருபது, மிச்சம் ஒன்றை நடுவில் வைக்க, எல்லோரும் சேர்ந்து ஒரு துணியைத் தேர்ந்தெடுங்கள்.